எத்தனை கியர் என்று கேட்காதீர்கள்

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். "மாமா, உங்களுக்கு ஒரு மடக்கு சைக்கிள் கொண்டு வரட்டுமா? செயின் கிடையாது, பெல்ட். எட்டு கியர்!" பின்னாலிருந்து மகளின் குரல்: "எழுபத்து நாலு வயசுல அப்பாவுக்கு சைக்கிள் என்னத்துக்கு?"

முழங்காலுக்காக டாக்டர் படியேறுவதைத்தான் குறைக்கச் சொன்னார். மிதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிளை விட்டால் பால் வாங்கக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டும். அதனால், "கொண்டு வாங்க மாப்பிள்ளை, ஆனால் மூன்று கியர் போதும்" என்றேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் யாருக்காவது உதவும்.

செயினைப் போல பெல்ட்டைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாண்ட வைக்க முடியாது. ஆகவே கியர் எல்லாம் பின்சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும். வேட்டியில் கறை படாது, கரிசல் தூசி அப்பாது. எண்ணெய்க்குப் பேர்போன விருதுநகரில் எண்ணெயே கேட்காத சைக்கிள்!

ஆனால் ஒரு சிக்கல். செயின் என்றால் தெருமுனைக் கடைக்காரர் ஃப்ரீவீலை மாற்றி, இரண்டு கண்ணியைக் கழற்றிச் சரிசெய்து விடுவார். பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. வாங்கும் முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குத் தெரிந்த கணக்கு 'தெவலொப்மான்'. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகும்? அவ்வளவுதான். என் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. சக்கரச் சுற்றளவு சுமார் 2.24 மீட்டர். வகுத்துப் பெருக்கினால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். ஆபீஸ் போன காலத்தில் அது பெரிதில்லை. இன்று ஆடிக் காற்றுக்கு எதிரே மிதித்தால் முழங்கால் கெஞ்சுகிறது.

20 அங்குல மடக்கு சைக்கிளில் சக்கரச் சுற்றளவு சுமார் ஒன்றரை மீட்டர். முன்னால் 55, பின்னால் 22 பல் என்றால் நேர் கியரில் 3.75 மீட்டர். ஷிமானோ நெக்சஸ் மூன்று கியர் ஹப்பின் விகிதங்கள் 0.733, 1, 1.364. அதாவது 2.75, 3.75, 5.1 மீட்டர். எட்டு கியரில் 0.527 முதல் 1.615 வரை, இரண்டு மீட்டரில் தொடங்கி ஆறில் முடியும்.

இரண்டு மீட்டர் கொடைக்கானல் ஏறுகிறவருக்கு வேண்டும். ஆறு மீட்டர் அங்கிருந்து இறங்குகிறவருக்கு. தட்டையான நம் ஊரில் ரயில்வே மேம்பாலம்தான் மலை, அதற்கு 2.75 போதும்.

இன்னொன்று. நேர் கியரில் ஹப்புக்குள் இருக்கும் பற்கள் வழியாக விசை சுற்றிப் போவதில்லை, அதனால் மிதிப்பு வீணாவது குறைவு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 3.75 மீட்டரில் மணிக்கு பதின்மூன்றரை கிலோமீட்டர். என் வேகமே அதுதான். நாள் முழுதும் நேர் கியரிலேயே போகலாம்.

குறையும் உண்டு. மூன்று கியரில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 36 சதவீதம் இடைவெளி. எட்டில் அதிகபட்சமே 22தான். எதிர்காற்றில் சில சமயம் இரண்டாவது கனக்கும், முதலாவது வெறுமனே சுற்றும். அப்போது முதலாவதில் மெதுவாகப் போவேன். எனக்கென்ன பஞ்சிங் மிஷினா காத்திருக்கிறது?

கியர் போடுவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்திலும் ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். அதன் பிறகு யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆகவே கடையில் எத்தனை கியர் என்று கேட்காதீர்கள். ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை பொங்கலுக்கு வருகிறார். வண்டி வந்ததும் மடக்கி ரயிலில் ஏற்றி, சிவகாசி ஸ்டேஷனில் இறங்கி, பழைய நண்பர் வீடுவரை மிதிக்க உத்தேசம். மகளிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.