நூற்று எழுபத்தாறு என்னும் மனக்குறை

ஜனாதிபதி தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகள் ஒரு பட்டியலை வெளியிடுவது வழக்கம். அதில் உத்தரப் பிரதேசச் சட்டசபை உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு 208 என்றும், தமிழ்நாட்டு உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு 176 என்றும் அச்சாகியிருப்பதைக் கண்ட மாத்திரத்தில், ஆம்பூர் ஷூ கம்பெனி வாசல்களில் உள்ள டீக்கடை முதல் வேலூர் வக்கீல்களின் அறை வரையில் ஒரே அபிப்பிராயம் எழும்பிவிடுகிறது: வடக்கத்தியானுக்கு எடை அதிகம், நமக்குக் குறைவு, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக அனுசரித்ததற்கு டில்லி நமக்கு அளித்த தண்டனை இது. வேலூர் ஊரிசு கல்லூரியில் பயின்ற ராதாகிருஷ்ணன் 1962-இல் ஜனாதிபதியானதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிற இந்த வட்டாரம், அந்தப் பதவிக்கு ஆள் தெரிவாகும் முறையை மட்டும் இவ்வளவு தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது விசித்திரம். இந்த அபிப்பிராயம் தவறானது. அதைவிட, நமக்கே கேடு விளைவிப்பது.

அரசியல் சட்டத்தின் 55-ஆவது ஷரத்து விதிக்கும் கணக்கு மிக எளியது. மாநிலத்தின் ஜனத்தொகையை, தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்த ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மிச்சம் ஐந்நூறோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளப்படுவது 1971-ஆம் ஆண்டின் ஜனத்தொகை. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 4,11,99,168 பேர். இதை 234-ஆலும், பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் 176 வருகிறது. இன்றைய உத்தரப் பிரதேச எல்லைக்குள் அன்று இருந்தவர்கள் 8,38,49,905 பேர். 403 தொகுதிகளுக்கு வகுத்தால் 208. இரண்டு இடத்திலும் ஆயிரம் தலைக்கு ஒரு வாக்கு என்பதே அளவு. பிரதிநிதி ஒருவர் சுமக்கும் தலைகளின் எண்ணிக்கைதான் மாறுகிறது.

தோல் மண்டியில் பழகியவருக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. பதனிட்டு முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. பெரிய தோலுக்குத் தொகை கூடுகிறதென்பதற்காக, சிறிய தோலை வியாபாரி வஞ்சித்துவிட்டான் என்று எவரும் புகார் செய்வதில்லை. உத்தரப் பிரதேசத்தில் தொகுதி பெரியது, ஆகையால் தொகை பெரியது. தமிழ்நாட்டுச் சட்டசபையின் ஸ்தானங்களை நாளைக்கே 468 ஆக்கினால் உறுப்பினர் ஒருவருடைய மதிப்பு 88-க்கு இறங்கிவிடும். மாநிலத்தின் மொத்த எடையோ ஏறக்குறைய இன்றுள்ள 41,184 ஆகவே நிற்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்சிக்காரர்கள் வட்டாரந்தோறும் கூட்டம் கூடி ஜனாதிபதி வேட்பாளருக்குப் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்து வந்த முறையிலும், ஒரு வட்டாரத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது முந்தைய தேர்தல்களில் அங்கே கட்சி பெற்ற வாக்குகளைக் கொண்டு முன்கூட்டியே நிர்ணயமாகியிருக்கும். அன்று மண்டபம் நிரம்பி வழிந்தாலும் அந்த எண் ஏறாது. அங்கே பங்கீட்டுக்கு ஆதாரம் கட்சியின் பழைய பலம். இங்கே ஆதாரம் மனிதத் தலை. இரண்டில் எது நியாயத்துக்கு அருகில் இருக்கிறது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

வடக்குக்குச் சலுகை என்ற வாதம் அதே பட்டியலை முழுதும் படித்தவுடன் நொறுங்கிவிடுகிறது. மத்தியப் பிரதேச உறுப்பினருக்கு 131, ராஜஸ்தான் உறுப்பினருக்கு 129, ஹரியானாவுக்கு 112, உத்தராகண்டுக்கு 64. ஹிந்தி பேசும் இம்மாநிலங்கள் அனைத்தும் நமக்குக் கீழே நிற்கின்றன. ஜார்க்கண்டின் மதிப்பு நம்முடையதைப் போலவே 176; செல்வம் கொழிக்கும் மகாராஷ்டிரத்துக்கு நம்மைவிட ஒன்று குறைவு. இவ்வளவையும் விட்டுவிட்டு உத்தரப் பிரதேசம் என்னும் ஒரே வரியை மட்டும் பார்த்து உள்ளம் குமுறுவது, பட்டியலைப் படித்ததாகாது. மனத்தில் முன்பே இருந்த குறைக்கு ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்ததே ஆகும்.

இனி, தண்டனை என்ற பேச்சுக்கு வருவோம். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் ஜனத்தொகைக் கணக்கை 1971-லேயே நிறுத்தி வைத்தது. பின்னர் வந்த 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அந்த நிறுத்தத்தை நீட்டித்தது. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனால் பலம் இழக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகையை எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308 ஆகவும், உத்தரப் பிரதேச உறுப்பினரின் மதிப்பு 496 ஆகவும் உயரும். இன்று 32 ஆக இருக்கும் இடைவெளி 188 ஆக விரியும். 2011-இல் இருந்த ஜனங்களைக் கொண்டு பார்த்தால், இன்றைய ஏற்பாட்டில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1,750 பேருக்கு ஒரு வாக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 2,380 பேருக்கு ஒரு வாக்கு. தலைக்குத் தலை எடைபோட்டால், ஆம்பூர்க்காரனுடைய தலை கான்பூர்க்காரனுடையதைவிட கனமாகவே இருக்கிறது. தண்டனை என்று நாம் தூற்றுவது உண்மையில் நமக்குக் கிடைத்த காப்பு.

டில்லியிலுள்ள பாராளுமன்ற உறுப்பினர்களே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறார்கள் என்பதும் இதனோடு சேர்ந்து வழங்கும் பிழைதான். சட்டசபைகளின் மொத்த மதிப்பை, இரு சபைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குச் சமமாகப் பங்கிட்டே அவர்களுடைய மதிப்பு உண்டாகிறது. மாநிலங்கள் ஒரு தட்டில், மத்தியம் மறு தட்டில் என்று இரண்டும் சரிசமமாக நிற்க வேண்டுமென்பது அரசியல் சட்டத்தின் கருத்து. 2017-இல் 708 ஆக இருந்த அம்மதிப்பு 2022-இல் 700 ஆனது. ஜம்மு-காஷ்மீரில் அப்போது சட்டசபை இல்லாததே காரணம். எங்கோ வடகோடியில் ஒரு சபை இல்லாமற்போனதால், நம் வேலூர்ப் பாராளுமன்றத் தொகுதி உறுப்பினரின் வாக்கில் எட்டு குறைந்தது. வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்து 1,056. அவற்றின் மேல் நிற்கும் ஒரே பாராளுமன்ற உறுப்பினர் 2022-இல் 700. மாநிலங்களின் குரலும் சரிசமமாக ஒலிக்கும் ஒரு கணக்கை, டில்லியின் ஆதிக்கம் என்று எப்படி அழைப்பது?

ஆட்சேபிப்பவர் ஒருவர் கேட்கலாம்: தலைக்குத் தலை நமக்கே எடை அதிகம் என்றால், அது உத்தரப் பிரதேசத்துப் பாமரனுக்கு அநீதியல்லவா? கேள்வி நேர்மையானது. தலையெண்ணிக்கை ஒன்றே நியாயம் என்றால் பதிலும் ‘ஆம்’ என்பதே. ஆனால் மத்திய அரசாங்கமே வேண்டிக்கொண்ட ஒரு கொள்கையைச் சிரத்தையுடன் நிறைவேற்றிய மாநிலம், நிறைவேற்றிய காரணத்தாலேயே தேசத்தின் சபைகளில் சுருங்கிப்போவது கூட்டாட்சியின் தர்மத்துக்குப் பொருந்தாது என்ற வேறொரு நியாயமும் உண்டு. நாம் நிற்க வேண்டிய தளம் அதுவே. அந்தத் தளத்தில் நிற்பவர், 176 குறைவு, 208 அதிகம் என்று அலறிக்கொண்டிருக்க முடியாது. ஏனெனில் அந்த அலறல், புதிய ஜனத்தொகையின்படி எல்லாவற்றையும் திருத்துங்கள் என்று கேட்பவர்களின் வாதத்துக்கு நம் வாயாலேயே வலுவூட்டுவதாகும்.

அடுத்த கணக்கெடுப்பு 1-3-2027-ஐ ஆதாரத் தேதியாகக் கொண்டு நடப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் வெளியாகும் நாளில், சட்டம் திருத்தப்பட்டாலன்றி, 1971 என்னும் அரண் தானாகவே விழுந்துவிடும். ஆகையால் பாலாற்றங்கரை வாக்காளர் தம் உறுப்பினரிடம் இன்று வற்புறுத்த வேண்டிய கேள்வி, 176 ஏன் 208 ஆகவில்லை என்பதன்று. 41,184 என்னும் நம் பங்கின் விகிதத்தைக் காப்பதற்கு, அரண் விழுமுன் அவர் எந்தத் திருத்தத்தை முன்மொழியப் போகிறார் என்பதே.