பகிடியும் வதையும்

சுகர் லேண்டில் எம்மவர் நாலுபேர் கூடுமிடத்தில் பேராதனைக் கதை தவறுவதில்லை. 1952இல் மகாவலிக் கரைக்குப் போன பல்கலைக்கழகம் அது. மாணவர் விடுதியிலேயே தங்கிப் படிக்கவேண்டும் என்பது ஐவர் ஜெனிங்ஸின் எண்ணம். அருணாசலம், ஜயதிலக்க, ஹில்டா ஒபேசேகர என்று விடுதிப் பெயர்களை உச்சரிக்கும்போதே எம் கனவான்களுக்கு இருபது வயதாகிவிடுகிறது. அடுத்து வருவது பகிடிவதை. யார் யாரை முழங்காலில் நிறுத்தினான், யார் அழுதான் என்ற கணக்கு. பிறகு சிரிப்பு. 'அதாலைதான் மச்சான் இண்டைக்கும் இப்பிடி ஒட்டா இருக்கிறம்' என்ற தீர்ப்பு.

அந்தச் சொல்லில் பகிடியை வைத்துக்கொண்டு வதையைக் கழற்றி எறிந்துவிட்டோம்.

1975இல் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதைக்குத் தப்ப இராமநாதன் விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்து, உடல் இயக்கத்தை இழந்தார். 1997இல் பொறியியல் பீடத்துப் புதுமுக மாணவர் வரப்பிரகாஷ், வதையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் அதே விடுதிகளில் தமிழ்ச் சீனியர் தமிழ்ப் பெடியனை முழங்காலில் நிறுத்தினால் அதற்குப் பெயர் உறவு. அடிப்பவன் பேசும் மொழியைப் பார்த்தா அடியின் வலியை அளப்பது?

ஒட்டுறவு வதையால் வந்தது என்பது பொய். ஒரே அறையில் படுத்து, ஒரே சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே தின்று, பரீட்சைக்கு முதல்நாள் ஒருவன் குறிப்பை மற்றவன் படித்ததால் வந்தது அது. வதை தாங்காமல் படிப்பை விட்டுப் போனவர்கள் எங்கள் விருந்துகளுக்கு வருவதில்லை. வந்தால் வேறு கதை சொல்வார்கள்.

நாம் வாழும் ரெக்சாஸ் மாநிலத்தில் இது குற்றம். 'அவன் சம்மதித்தான்' என்பது அங்கே எதிர்வாதமாகாது. நேரில் அறிந்தும் முறையிடாதிருப்பதும் குற்றமே. இந்த அளவுகோலை வைத்தால் விருந்து மேசையில் எத்தனைபேர் மிஞ்சுவர்?

எங்கள் பிள்ளைகள் இப்போது ஒஸ்ரினில் விடுதிக்குப் போகிறார்கள். இக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். நாளை ஒரு சீனியர் முழங்காலில் நில் என்றால் அவர்களுக்கு அப்பாவின் சிரிப்பே ஞாபகம் வரும், வாய் திறக்கமாட்டார்கள்.

பேராதனையைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். வரப்பிரகாஷின் பெயரையும் பிள்ளைகள் கேட்கச் சொல்லுங்கள்.