வாங்காத கடனுக்கு வசூல் போன் வந்தால்...

“தவணை கட்டலையே, எப்ப கட்டுவீங்க?” என்று ஒருநாள் போன் வருகிறது. கடனே வாங்காதவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எப்போதோ, எங்கேயோ கொடுத்த பான், ஆதார் நகலை வைத்து யாரோ அவர் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்கள்.

‘சின்னத் தொகைதானே, தொல்லை விட்டது’ என்று கட்டிவிடக் கூடாது. கட்டினால், கடனை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்து, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் குட்டு உடைவது அங்கேதான்.

சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தெரியாத கடன் இருந்தால் திருத்தம் கோரலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் கொடுத்த நிறுவனம் மசியலைன்னா, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பதும் நல்லது.

அடையாளத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. திருடியவருக்குச் சரி, ஆளைச் சரிபார்க்காமல் அள்ளிக் கொடுத்தவருக்கு? ‘நான் வாங்கலை’ என்று சாமானியர் அலைவதைவிட, ‘இவர்தான் வாங்கினார்’ என்று நிறுவனம் நிரூபிப்பதே நியாயம்.