தொண்டைக்குத் தேன்: சிந்திப்போருக்கான மருந்து

தொண்டை சற்றுக் கரகரத்தாலே மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் நம் வீடுகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருவது. அவற்றின் மீது அம்மாத்திரைகள் வேலை செய்வதில்லை. பொதுவாக ஒரு வாரத்திற்குள் தானே ஆறிவிடும் அந்த வலியைத் தணிக்க நம் அடுக்களையே போதும்.

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிக்கலாம். இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்து வடிகட்டி, சூடு தணிந்தபின் ஒரு தேக்கரண்டி தேனும் சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து பருகலாம். தேன் தொண்டையின் எரிச்சலை ஆற்றும். இரவு இருமலையும் குறைக்கும்.

தேனீயின் பெயர் தாங்கிய அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:69), தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டென அல்லாஹ் அறிவிக்கின்றான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், 'மார்க்கமே சொன்ன மருந்து. யாருக்குக் கொடுத்தாலும் தீங்கில்லை' என்று சிலர் வாதிடுவது ஏற்கத்தக்கதன்று. அதே வசனம், சிந்திக்கும் மக்களுக்கு இதில் அத்தாட்சி இருப்பதாகக் கூறியே நிறைவுறுகிறது.

எனவே சிந்திப்போம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் பச்சிளங் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். நீரிழிவு உள்ளவர்கள் தேனின் அளவைக் கவனிக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தவிர்ப்பதே நன்று.

கடும் காய்ச்சல், விழுங்க இயலாத வலி, கழுத்தில் நெறிகட்டு, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் கஷாயத்தை நம்பிக் காத்திருத்தல் ஆகாது. பாக்டீரியாவால் வரும் ஒருவகைத் தொண்டை அழற்சி, கவனிக்காமல் விடப்பட்டால் பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சலை உண்டாக்கி, இதய வால்வுகளையே பாதிக்கக்கூடும். அங்கே ஆன்டிபயாடிக் அவசியம். அதை மருத்துவர் சொன்ன நாள்வரை முழுமையாக உண்ண வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அடுக்களையில் தேனைக் கலப்பதும், வேளையறிந்து மருத்துவரை நாடுவதும் அந்த ஏவலுக்குக் கட்டுப்படுவதே. இவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் புறக்கணிப்பதை நாம் தவக்குல் என்று அழைக்க வேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தை அருள்வானாக! ஆமீன்.