பத்து நிமிடப் பேச்சு

"அக்கா, டூல்பாக்ஸ் மீட்டிங் இருக்கு, பாட்டைச் சீக்கிரம் போடுங்க!" துவாஸ் போகும் லாரியிலிருந்து விடிகாலையில் வரும் குரல் பதிவு. அந்தப் பத்து நிமிடப் பேச்சை வெறும் சடங்கென்றுதான் நினைத்திருந்தேன்.

2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் பட்டறை வெடிப்பில் மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். காற்றில் பரவினால் உருளைக்கிழங்கு மாவும் வெடிக்கும் (எனக்கே அப்போதுதான் தெரியும்). விசாரணையில் வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. மாவு கலக்கும் இயந்திரத்தில் முன்பே எண்ணெய் கசிந்திருக்கிறது, சிறு தீயும் பற்றியிருக்கிறது. பார்த்தவர்கள் இருந்தார்கள். பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் தெரிந்ததும் ஒரே மேசைக்கு வரவில்லை.

இதை நிகழ்ச்சியில் பேசினேன். மறுவாரம் அதே தம்பியின் குரல்: "மெஷின்ல புகைன்னு மீட்டிங்ல தமிழ்லயே சொல்லிட்டேன். அரை நாள் வேலை நின்னுச்சு. சூப்பர்வைசர் திட்டலக்கா."