பழுது பார்க்கும் முன் பிரதி

பங்குத் தொகை, சிக்கன சேமிப்பு, நூல் கொடுத்த கணக்கு, கூலிப் பட்டுவாடா, பயிர்க்கடன் தவணை ஆகிய யாவும் இன்று நமது சங்கங்கள் பலவற்றில் கம்ப்யூட்டரிலேயே பதியப்படுகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு, ரூ. 2,516 கோடி மதிப்பீட்டில், மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பேரேடு இரும்புப் பெட்டியை விட்டு ஹார்ட் டிஸ்க்கினுள் குடிபுகுந்துவிட்டது. ஆனால் இரும்புப் பெட்டிக்கு நாம் காட்டிய ஜாக்கிரதையை அந்த டிஸ்க்குக்குக் காட்டுகிறோமா என்பதே கேள்வி.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. ஆகவே விண்டோஸ் 11-க்கு மாறுவது பல அலுவலகங்களில் அவசியமாகிவிட்டது. மாறிய பின்னர் டிஸ்க்கில் பிழை என்று திரை அறிவித்தால், உடனே பழுது பார்க்கும் கட்டளைகளை ஓட்டிவிடுவதே வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் தவறானது என்பது நமது திடமான அபிப்பிராயம். பிரதி எடுப்பது முதல் வேலை. பழுது பார்ப்பது இரண்டாவது வேலை.

காரணத்தைக் கூறுவோம். ஒரே மாதிரித் தோன்றும் பிழைக்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, டிஸ்க் நலமாகவே இருந்து, அதற்குரிய எழுத்து மட்டும் விடுபட்டிருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியில் எழுத்தை மீண்டும் அளித்தால் போதும். இரண்டாவது, டிரைவர் என்னும் இணைப்பு நிரல் புதிய இயங்குதளத்துடன் ஒத்துப்போகாமல் இருக்கலாம்; அல்லது கேபிள் தளர்ந்திருக்கலாம். மூன்றாவது, டிஸ்க்கே தேய்ந்திருக்கலாம். இயங்குதளத்தை மாற்றும்போது பல ஜிகாபைட் அளவு எழுதவும் படிக்கவும் நேர்கிறது. நெடுநாள் தொடப்படாத இடங்களில் மறைந்திருந்த பழுது அப்பொழுதே வெளிப்படுகிறது. மாற்றத்தின் மீது பழி விழுகிறது. நோயோ முன்பே இருந்தது.

இம்மூன்றில் எது என்று அறியுமுன் ‘செக் டிஸ்க்’ கட்டளையை ஓட்டுவது அபாயம். பழுதான இடங்களைத் தேடும் முறையில் அது டிஸ்க் முழுவதையும் பல மணி நேரம் படிக்கும். ஏற்கெனவே தேய்ந்த டிஸ்க் அவ்வுழைப்பிலேயே அடியோடு ஓய்ந்துவிடக்கூடும். பழுது பார்க்கும் கருவியிலேயே குறை இருப்பதும் உண்டு. 2020 டிசம்பரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு, சில கம்ப்யூட்டர்களில் இக்கட்டளையே கோப்பு அமைப்பைச் சிதைத்தது. கம்பெனியார் பின்னர் அதைத் திருத்தினர். அவ்வாறே 2018 அக்டோபர் புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளை அழித்ததால், அதன் வினியோகம் நிறுத்திவைக்கப்பட்டது. பாவில் இழை அறுந்ததைக் கண்ட நெசவாளர் நாடாவை நிறுத்துகிறார். மேலும் ஓட்டிப் பார்ப்பதில்லை. அந்த விவேகமே இங்கும் வேண்டும். டிஸ்க்கை ‘பார்மட்’ செய்யவா என்று திரை வினவினால், பிரதி கைக்கு வரும்வரை சம்மதம் தரலாகாது.

மற்றொரு விஷயம் உண்டு. விண்டோஸ் 11-க்காகக் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும்போது, பிட்லாக்கர் பூட்டு இடப்பட்ட டிஸ்க் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் ஊழியர் ஒருவருடைய சொந்தக் கணக்கில் மட்டும் இருந்து, அவரும் வேலையை விட்டுப் போயிருந்தால், டிஸ்க் பழுதின்றி இருந்தும் சங்கத்திற்குப் பயனில்லை. சங்கத்தின் திறவுகோல் தனிநபர் சட்டைப்பையில் இருப்பது கூட்டுறவு நெறிக்கே முரணானது.

தனி ஹார்ட் டிஸ்க் வாங்குவது வீண் செலவு என்று சிலர் கூறலாம். சிக்கனம் நமது கொள்கைதான். ஆயினும் ஒரு வருஷக் கூலிக் கணக்கை நெசவாளர்களின் பாஸ் புத்தகங்களைக் கொண்டு மீண்டும் எழுத ஆகும் செலவை அவர்கள் கணக்கிட்டதுண்டா? தன் தவணையைச் செலுத்திவிட்ட விவசாயி அதை மறுபடி நிரூபிக்க நேர்வதன் மனவேதனைக்கு விலை ஏது?

ஆகவே நிர்வாகக் குழுக்கள் மூன்று தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டுகிறோம். இரண்டு பிரதிகள் இன்றி இயங்குதளம் மாற்றப்படலாகாது. அவற்றுள் ஒன்று அலுவலகத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும். பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கணக்கைச் சரிபார்த்த பின்பே அதைப் பிரதியென ஏற்க வேண்டும். மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி, முத்திரையிட்டு, சங்கத்தின் பெட்டியில் வைக்க வேண்டும்.

டெக்னீஷியன் டிஸ்க்கைச் சீர்ப்படுத்தலாம். அல்லது புதியதொன்றைப் பொருத்தலாம். அங்கத்தினர் கணக்கைக் காக்கும் கடமையோ நிர்வாகக் குழுவினுடையது. அடுத்த பொதுக்கூட்டத்தில், “நமது கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது?” என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்பாராக.