குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே இருக்கிறது?

"ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறோம். என் கணவர் விடியற்காலையில் பூவை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவார். வந்த காசில் பாதி குடிக்கே போய்விடுகிறது. இப்போதெல்லாம் காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? குடியை விட்டவர்கள் கூட்டம் நடத்துகிறார்களாமே, அது எங்கே நடக்கிறது? கல்யாண வயதில் மகள் இருப்பதால் வெளியே தெரியாமல் விசாரிக்க வேண்டியிருக்கிறது."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காந்திகிராமம் அருகில்

சகோதரி, முதலில் மருந்து விஷயம். தெரியாமல் கலந்து கொடுக்கவே கூடாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் மாத்திரைகளில் ஒரு வகை, சாராயம் உள்ளே போனதும் வாந்தி, படபடப்பு, மூச்சுத்திணறலை உண்டாக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, பரிசோதனைக்குப் பிறகுதான் அதைக் கொடுப்பார்கள். விளம்பரத்தில் வரும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது அந்தக் கை நடுக்கம். உடம்பு குடிக்குப் பழகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த நிலையில் இருப்பவரை வீட்டில் பூட்டி வைத்தோ, கோயிலில் சத்தியம் வாங்கியோ ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உளறத் தொடங்கலாம். அப்படி நடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆகவே முதல் படி ஆஸ்பத்திரிதான், கூட்டம் அதற்குப் பிறகு. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு என்று கேட்டு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கூட்டம் எங்கே?

நீங்கள் கேள்விப்பட்டது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். குடித்து, விட்டவர்களே தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். புதிதாக வருபவர் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தாலும் போதும். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் மகள் கல்யாணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்: மனநலப் பிரிவில் டாக்டரிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கட்டணமின்றிப் பேசுங்கள். சிகிச்சை முடித்து வெளியே வருபவர்களிடம் விசாரியுங்கள். எந்த ஊரில், எந்தக் கிழமை கூட்டம் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ சர்ச் வளாகத்திலோ நடக்கும். இடம் கொடுப்பதோடு சரி, மதத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

பஸ் ஏறிப் போகும் தூரத்தில்கூட இல்லையென்றால்? குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஏ.ஏ. குழு தொடங்கலாம். கிராமமே இதில் கைகொடுத்ததும் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1989 முதல் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள மஞ்சக்குடியில் 15 நாள் முகாம்களை நடத்தியது. சுற்றுவட்டாரக் குடிநோயாளிகளை ஒன்றாகத் தங்க வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொன்னார்கள். முகாம் முடிந்த பிறகும் விடாமல் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். உங்கள் மகளிர் குழுவில் இதே கஷ்டத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள்.

இதற்கிடையில் வீட்டில்...

பூ விற்ற காசைக் கமிஷன் கடையிலிருந்து உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்ல முடியுமா என்று கணவரிடம் அவர் தெளிவாக இருக்கும்போது கேளுங்கள். குடித்திருக்கும்போது வாதம் செய்யாதீர்கள். பூச்சிமருந்து டப்பாக்களை உடனே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போதையிலும், நிறுத்திய புதிதில் வரும் மனச்சோர்விலும் விபரீதமாகக் கை நீட்டுபவர்கள் உண்டு. 'செத்துப்போகிறேன்' என்று சொன்னால் மிரட்டல் என்று விட்டுவிடாமல் 14416-க்குப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். அடி, உதை இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

விட்டவர் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். இந்த நோயில் அது நடப்பதுதான். மறுநாளே டாக்டரிடமும் கூட்டத்துக்கும் அழைத்துப் போங்கள். அவர் இப்போது வர மறுத்தால், இந்த வாரம் நீங்கள் மட்டுமாவது திண்டுக்கல் போய் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.